சாலிம் அலியும் பாதிக் கூடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பறவையியலாளர் சாலிம் அலி பற்றிய தங்கள் கட்டுரையில், சிறுவயதில் அவர் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டும் பின்னாளில் பெற்ற விருதுகளும் விரிவாக வந்திருந்தன. ஆனால் நம் வயல்வெளிகளில் இன்றைக்கும் உதவக்கூடிய அவருடைய ஆய்வு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 1930-ல் தூக்கணாங்குருவியைப் பற்றி அவர் செய்த ஆய்வு அது.

ஜெர்மனியில் பறவையியல் பயின்று திரும்பியவருக்கு அப்போது பம்பாயில் வேலை கிடைக்கவில்லை. கடலோரச் சிற்றூரான கிஹிமில் போய்த் தங்கினார். வீட்டருகிலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மறைவில் உட்கார்ந்து அன்றாடம் கவனித்துக் குறிப்பெடுத்தார். 1931-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அது கட்டுரையாக வந்தது.

முடிக்காமல் தொங்கும் கூடுகளை ஆண் குருவி தான் தங்குவதற்காகக் கட்டிக்கொள்கிறது என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். அவை பெட்டைக்குக் காட்டுவதற்காகக் கட்டியவை என்பதை சாலிம் அலி கண்டார். ஆண், நெல் இலையின் ஓரத்தை அலகால் கடித்து, அப்படியே பறந்து இழுத்து நீள நாராகக் கிழிக்கும். நார் பச்சையாக இருந்தால்தான் வளையும், முடிச்சு விழும். காய்ந்தது ஒடிந்துவிடும். முதலில் ஓலை நுனியில் சுற்றிக் கட்டி, வளையம் போட்டு, பிறகு தலைக்கவசம் போல் கவிழ்ந்த கூரை வரை பின்னும். இதற்கே எட்டு நாள் போல ஆகும்.

இந்த நிலையில் கூட்டை அடியிலிருந்து பார்த்தால் இரண்டு திறப்புகள் தெரியும். நடுவே குறுக்காக ஒரு பட்டை ஓடும். பெட்டை வந்து அந்தப் பட்டையில் உட்கார்ந்து, அங்கங்கே அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்துவிட்டால் ஒரு பக்கம் முட்டை அறையாகும், மறுபக்கம் நுழைவுக் குழாயாகக் கீழே நீளும். மொத்தம் சுமார் 18 நாள் வேலை, 500 முறை வரை போய் வரவேண்டிய வேலை. பெட்டை அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டுக்கு வளையம் போடப் போய்விடும், அதற்கு இன்னொரு பெட்டை வரும். எந்தப் பெட்டைக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுபோகும். கூரையின் உட்புறம் அப்பியிருக்கும் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றுவதாகச் சொல்வது கதைதான். மண்ணை அப்புவதும் பெரும்பாலும் ஆண்தான்.

நம் ஊர்களில் கூடு எண்ணுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பனையில் 30 கூடு தொங்குகிறது என்றால் 30 ஜோடி இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வளையம், தலைக்கவசம், குழாய் உள்ளது என மூன்று பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும். குழாய் இறங்கிய கூடுகள்தான் பெரும்பாலும் பெட்டை ஏற்றவை. ஆண்களைத் தனியே எண்ணுவது எளிது, இனப்பெருக்கக் காலத்தில் உச்சந்தலை பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். காலை வெயில் ஏறுவதற்குள், இருநோக்கியுடன் சற்றுத் தள்ளி நின்று எண்ணுவது நல்லது. மரத்தடியில் போய் நின்றால் ஆண்கள் கலைந்துபோகும், அந்நேரம் பக்கத்துக் கூட்டுக்காரன் கூட்டின் நார்களை உருவிக்கொண்டு போவதும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழகுக்காகக் கூடுகளை அறுத்து விற்பதும், பள்ளியில் காட்சிக்கு வைப்பதும் பெருகிவருகிறது. தலைக்கவச நிலையில் இருப்பதைப் 'பழுதான கூடு' என்று அறுக்கிறார்கள், பெட்டை வந்து பார்க்கவிருந்த கூடாக அது இருக்கலாம். வெறுங்கூடு என்று அறுப்பதிலும் தினைக்குருவிகள் குடியேறியிருக்கக்கூடும். தானியம் தின்னும் பறவைதானே என்று விரட்டுகிற உழவர்களுக்கும் ஒரு வார்த்தை: குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது வெட்டுக்கிளியும் புழுவும்.

முட்டையிட்டு அடைகாக்க 14 முதல் 17 நாள், பொரித்த குஞ்சு பறக்க ஏறத்தாழ இன்னொரு 17 நாள். ஆகவே பனை, தென்னையில் ஓலை கழிப்பவர்கள், குழாய் இறங்கிய கூடு தொங்கும் மட்டையை மட்டுமாவது ஐந்து வாரம் தள்ளி வெட்டினால் போதும். மழை தொடங்கும் பருவத்தில் தங்கள் வேளாண் பக்கத்தில் இதை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்.