சுவரையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர்களின் கவனம் சிதறுவதற்கு அவர்களின் அடங்காமையே காரணம் என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய என்னால் அதை ஏற்க இயலவில்லை.

வேண்டாததை விலக்கி வேண்டியதில் மனத்தை நிறுத்தும் ஆற்றலில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்குண்டு; அப்பகுதியோ இருபது வயதுக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டிருப்பது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் நாம் எதிர்பார்ப்பது, அதனிடம் இன்னும் முழுமையாக உருவாகாத ஒன்றை.

அதை வெறும் குறை என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பிலும் பச்சையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த உருவங்களை 4, 5 வயதுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டி, ஒரு நிறத்தை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். கவனிக்கச் சொன்ன உருவம் மாறியபோது பெரியவர்கள் 94 விழுக்காடு தடவையும் குழந்தைகள் 86 விழுக்காடு தடவையும் கண்டுபிடித்தார்கள். கவனிக்கச் சொல்லாத உருவம் மாறியதையோ குழந்தைகள் 77 விழுக்காடு கண்டுகொள்ள, பெரியவர்கள் 63 விழுக்காட்டோடு நின்றுவிட்டார்கள். நாம் வடிகட்டித் தள்ளுவதையும் குழந்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. உலகமே புதிதாக இருக்கும் வயதில், எது பின்னால் பயன்படும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஆனால் வகுப்பறையில் இதற்கு விலை உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட, 24 மழலையர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு ஒன்றில், படங்கள் நிறைந்த அறையில் பாடம் கேட்டபோது பிள்ளைகள் கேள்விகளில் 42 விழுக்காட்டுக்கும், சுவர் வெறுமையாக இருந்தபோது 55 விழுக்காட்டுக்கும் சரியாக விடையளித்தார்கள். சுவரில் ஓரங்குலம் விடாமல் வண்ணப் படங்களை ஒட்டிவிட்டு, ‘எங்கே பார்க்கிறாய்?’ என்று பிள்ளைகளை அதட்டியவர்களுள் நானும் ஒருத்தி என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே நம்மால் செய்தித்தாள் படிக்க முடிகிறது என்பதற்காக, அதே அறையில் பிள்ளையை உட்கார்த்திக் கணக்குப் போடச் சொல்வது முறையன்று. பள்ளிகள் அன்றன்றைய பாடத்துக்குரிய படத்தை மட்டும் கரும்பலகையருகே மாட்டி, மற்றவற்றைப் பிள்ளைகளின் முதுகுப்புறச் சுவருக்கு மாற்றலாம். அதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்