அரியமான் மணலில் கை கொடுத்த அண்ணனுக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள் அண்ணே. ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில், சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் புதைந்த எங்கள் கேம்பர் வேனை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வேன்) மீட்டுத் தந்ததற்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் செய்த முறை, இந்தக் கரையில் வேன் போட்டுத் தங்க வருகிற எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் ஆக்சிலேட்டரை விடச் சொன்னீர்கள். சுழலச் சுழல சக்கரம் குழிதான் பறிக்கும். அடிச்சட்டம் மணலில் உட்கார்ந்துவிட்டால் டிராக்டர்தான் கதி. நான்கு டயரிலும் 50 பவுண்டு காற்றை 25-க்கு இறக்கினீர்கள். டயர் பரந்து படிந்தால் பாரம் பிரியும். வேனின் தொட்டியில் இருந்த 100 லிட்டர் நல்ல தண்ணீரை, அதாவது 100 கிலோ எடையை, கேன்களில் பிடித்து இறக்கி வைத்தீர்கள். இந்த ஊரில் தண்ணீரைக் கீழே ஊற்ற யாருக்கு மனசு வரும்!

அப்புறம் அந்தப் பனைமட்டை. அப்படியே போட்டால் கருக்கு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும் என்று, அரிவாளால் இரண்டு ஓரத்தையும் சீவி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாகப் பறித்த மணலில் அழுத்திப் பதித்தீர்கள். மட்டை தெறிக்கும் என்று எல்லோரையும் விலகச் சொன்னீர்கள். வந்த தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும் என்பதால், அதே தடத்தில் ரிவர்ஸ். கிளட்ச்சை மெதுவாக விட்டு, கெட்டித்தரை வரும்வரை நிற்காமல்.

தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்பச் சொன்னதற்குத் தனி நன்றி. குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். அடிப்பாகத்து உப்பையும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டோம் அண்ணே.