குதிரை இழுத்த டிராம் எது?

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பு டிராமைக் குதிரை இழுத்ததாகச் சிலர் நம்புகிறார்கள். இங்கே 1899இல் ஓடத் தொடங்கியதே மின்சாரத்தில்தான். குதிரை இழுத்த டிராம்களில் ஒன்று பிரித்தானியாவின் வேல்ஸில் ஓடியது, சுவான்சிக்கும் ஓய்ஸ்டர்மவுத்துக்கும் இடையே. சுண்ணாம்புக்கல் ஏற்றப் போட்ட பாதை; 1807 மார்ச்சில் காசு வாங்கி ஆட்களையும் ஏற்றினார்கள்.

தண்டவாளம் நம் 'ட' எழுத்தைப் போன்ற வார்ப்பிரும்பு. சக்கரம் விலகாமல் தடுக்கும் விளிம்பு அதில்தான், சக்கரத்தில் இல்லை. இரு தண்டவாளங்களுக்கும் அடியில் குறுக்குக்கட்டை போட்டால் குதிரைக்குக் கால் இடறும். ஆகவே இருபக்கமும் தனித்தனிக் கற்களில் பொருத்தி, நடுவை நடைபாதையாக விட்டார்கள். வினையும் அங்கேதான்: குளம்பு கிளப்பிய மண் 'ட'வின் மூலையில் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும், பாரம் அதிர்ந்தால் வார்ப்பிரும்பு உடையும்.

பக்கத்திலேயே நல்ல வீதி வந்ததும் கோச்சு வண்டிகள் (அன்றைய பஸ்!) பயணிகளைப் பறித்துக்கொண்டன. 1860இல் புதுத் தண்டவாளத்தில் பயணிகளை இழுக்கக் குதிரை மீண்டும் வந்தது, 1877இல் நீராவி எஞ்சின் வந்தது.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6