தம்பி எழுதிய ஒரு வரி

ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் மாற்று முடிந்து நேற்றோடு 100 நாள். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கத்தான் ஆசை, ஆனால் கூட்டத்தில் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் இந்த மடல்.

கீமோ முடிந்த பிறகும் அவன் எலும்பு மஜ்ஜையில் கொஞ்சம் புற்று செல்கள் மிச்சம் இருந்தன. அதோடு மாற்று செய்தால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம், முதலில் பிளினாட்டுமோமாப் என்ற மருந்து கொடுப்போம் என்றார் டாக்டர். ஒரு கையால் புற்று செல்லையும் மறு கையால் நோயை எதிர்க்கிற நம் உடம்பின் டி செல்லையும் பிடித்து இரண்டையும் சேர்த்துவைக்கிற ஆன்டிபாடி அது, கொல்கிற வேலையை நம் செல்லே பார்த்துக்கொள்ளும் என்று அப்பாவுக்குப் புரிகிற மாதிரி காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார், அந்தக் காகிதம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

28 நாள், ராத்திரி பகல் நிற்காமல் பம்ப் ஓடியது. மருந்து மூளையைத் தொட்டால் முதலில் கையெழுத்தில் தெரியலாம் என்று தினமும் ஒரே வரியை எழுதச் சொன்னார்கள். "கெங்கையம்மன் சிரசு அன்று குடியாத்தத்தில் இருப்பேன்." இதுதான் அவன் எழுதியது, சிரசு எங்கள் ஊர்த் திருவிழா. நான்காம் நாள் 'குடியாத்தம்' என்ற சொல் நோட்டுக் கோட்டிலிருந்து சரிந்து இறங்கியது. எனக்குத் தூக்கக் கலக்கம் மாதிரிதான் பட்டது. ராத்திரி டியூட்டி சிஸ்டர், நீங்கள் முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொன்னபடி பம்ப்பை நிறுத்தினீர்கள். ஸ்டீராய்டு போட்டார்கள், எழுத்து பழையபடி நேரானதும் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை சிஸ்டர்.

அடுத்த மஜ்ஜைப் பரிசோதனையில் எதுவும் மிச்சமில்லை. அப்புறம் என் செல் அவனுக்குப் பொருந்தியது, அதற்கு யாருக்கு நன்றி சொல்ல, அம்மாவுக்குத்தான்.

ரத்தத்தில் பிளேட்லெட் அணுக்கள் இறங்கிய ராத்திரி அதைக் கொடுக்கக் காட்பாடியிலிருந்து பைக்கில் வந்த இரண்டு கல்லூரித் தம்பிகளே, உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன். மருந்துச் செலவுக்கு லுங்கித் தறிக் கூலியிலிருந்து வாராவாரம் எடுத்துவைத்த அப்பாவின் கூட்டாளிகளே, லாட்ஜில் எங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி வடித்த கொல்கத்தா அம்மா, உங்கள் மகனுக்கும் சீக்கிரம் சரியாகணும்.

வைகாசி முதல் நாள் அவன் மாஸ்க்கோடு மாடியில் நின்று சிரசு ஊர்வலத்தைப் பார்த்தான். கீழே வந்ததும் நோட்டை எடுத்து, 'இருப்பேன்' என்பதை அடித்து 'இருந்தேன்' என்று எழுதினான்.