நம் ஸ்கைடைவிங் சங்கத்தின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கம் சின்னது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலுள்ள சிறு விமானத்தளங்களுக்குக் காரோட்டிப் போய், விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிற தமிழர்கள் நாம். போட்டிக்குப் போகிறவர்கள் நம்மில் இல்லை. சனிக்கிழமை 13,000 அடியில் கதவருகே உட்கார்ந்திருப்பவர் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர்களின் ஓர் ஆண்டு எப்படிப் போனது என்பதுதான் இந்த அறிக்கை.

முதலில் இரங்கல். நம்மில் பாதிப் பேருக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவரும், நாம் எல்லோரும் ‘தாத்தா’ என்றே கூப்பிட்டவருமான அமெரிக்கப் பயிற்சியாளர், நோயுற்று இந்த வசந்த காலத்தில் காலமானார். விமானத்தில் ஏறும் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரின் மார்புப் பட்டையையும் கால் பட்டைகளையும் இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பார். 500 ஜம்ப் முடித்து, உரிமங்களில் உச்சமான டி லைசென்ஸ் வைத்திருப்பவரையும் விடமாட்டார். “கோபம் வந்தால் வரட்டும், பட்டை சரியாக இருக்கட்டும்” என்பது அவர் கட்சி. ஸ்கைடைவர்கள் வழக்கப்படி அவருடைய அஸ்தியை எடுத்துக்கொண்டு நண்பர்கள் ஒரு வட்டமாகக் குதித்து, நடுவானில் பையைத் திறந்தார்கள். அந்த வட்டத்தில் கைகோத்தவர்களில் நம் உறுப்பினர்கள் இருவர். அவர் குடும்பம் நம்மைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டதை இந்தச் சங்கம் பெரிய மரியாதையாகக் கருதுகிறது.

குளிர்காலம் வழக்கம்போலப் பொறுமையைச் சோதித்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் பள்ளத்தாக்கின் தரையோடு தரையாக டூலி மூடுபனி படிந்துவிடும். நம் ஊர்ப் பக்கம் வெயில் சுள்ளென்று அடிக்கும், மலை தாண்டிப் போனால் ஓடுபாதையே தெரியாது. இதில் சோர்வைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முதல் படியான ஏ லைசென்ஸ் வைத்திருப்பவர் 60 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால், அடுத்த படியான பி லைசென்ஸ்காரர் 90 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால், பயிற்சியாளர் துணையோடுதான் மறுபடி தொடங்கவேண்டும் என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் அறிவுரை. 25 ஜம்ப் முடித்து ஏ லைசென்ஸ் வாங்கிய கையோடு பனியில் மாட்டிக்கொண்ட புதியவர்கள் மனம் விட்டுப் போவது இந்த மாதங்களில்தான். அதனால் வார நாள் மாலைகளில் யூனியன் சிட்டியில் இருக்கிற, கீழிருந்து அடிக்கும் காற்றில் மிதந்து பழகுகிற காற்றுக் குழாய்க்குக் கூட்டாகப் போனோம். நேரத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டதில் தலைக்கான செலவு குறைந்தது. உண்மையைச் சொன்னால், பறந்த நிமிடங்களைவிட முடிந்ததும் தோசைக்கடையில் உட்கார்ந்து அவரவர் வீடியோவைப் போட்டுப் பார்த்த நேரம்தான் புதியவர்களைத் தக்கவைத்தது.

மார்ச்சில் ‘சேஃப்டி டே’. நாடு முழுக்க, டிராப்ஸோன் என்று நாம் சொல்கிற குதிக்கும் தளங்களில் சீசன் தொடங்கும் முன் நடத்துகிற பாதுகாப்புப் பயிற்சி இது. நம்மவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வந்தார்கள். தொங்கும் ஹார்னஸில் மாட்டிக்கொண்டு, கோளாறான பாராசூட்டைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியைப் பார்த்து, பிடித்து, அப்புறம் ரிசர்வ் எனும் மாற்றுப் பாராசூட்டின் பிடியைப் பார்த்து, சிவப்பை இழுத்து, ரிசர்வை இழுத்து என்று கை தானாகச் செய்கிற வரைக்கும் பழகினோம். அமெரிக்காவில் 1961-லிருந்து இந்த விளையாட்டின் மரணங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதில் மிகக் குறைந்த எண்ணிக்கை 2024-ல் பதிவான 9. குதித்த தடவைகளோ லட்சக்கணக்கில். பிள்ளையை நினைத்துப் பயப்படுகிற பெற்றோருக்கு இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லி நாமே அசந்துவிடக் கூடாது. விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், பாராசூட் திறக்காமல் அடிபடுபவர்களைவிட, நன்றாகத் திறந்த பாராசூட்டைத் தரைக்குப் பக்கத்தில் தப்பாகத் திருப்பி அடிபடுபவர்கள் அதிகம்.

மே மாதம் அந்தப் பயிற்சி ஒருவருக்கு அப்படியே கைகொடுத்தது. நம் உறுப்பினரான அக்கா ஒருவர் 4,000 அடியில் பாராசூட்டைத் திறந்தார். கயிறுகள் முறுக்கிக்கொண்டன. முறுக்கு பிரியும் முன்பே பாராசூட் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றத் தொடங்கியது. காலை உதறிப் பார்த்தார், சுற்று வேகம் பிடித்ததே தவிர அடங்கவில்லை. பாராசூட்டைக் கழற்றிவிடுவதா என்று பி லைசென்ஸ்காரர் முடிவெடுக்க வேண்டிய கடைசி உயரம் 1,800 அடி. ஆனால் அக்கா தனக்கென்று 2,500 அடியை வரம்பாக வைத்திருக்கிறார். ஆல்டிமீட்டர் அதைக் காட்டியதும் சிவப்புப் பிடியை இழுத்தார்.

அந்த நொடியில் தோளருகே என்ன நடக்கிறது என்பதைப் புதியவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். பாராசூட்டை உடம்போடு இணைப்பவை இரு தோளிலும் உள்ள மூன்று மூன்று வளையங்கள். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், கடைசியில் ஒரு துணிக் கயிற்றுக் கண்ணி. அந்தக் கண்ணிக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய கேபிள். ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைத்து அடுத்ததிடம் தருவதால், மனிதரின் முழுப் பாரமும் சுற்றும் வேகமும் சேர்ந்து இழுத்தாலும் கேபிளுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். அதனால் ஒரு கையால் இழுத்தாலே கேபிள் உருவிக்கொண்டு வந்துவிடும், வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு விடுபடும். 1970-களில் பில் பூத் செய்த வடிவமைப்பு இது. இன்று வரை நாம் எல்லோரும் இதை நம்பித்தான் குதிக்கிறோம். அக்காவுக்கு மெயின், அதாவது முதலில் திறந்த பாராசூட், கழன்றதும் அதோடு கோத்திருந்த பட்டையே ரிசர்வை இழுத்துத் திறந்துவிட்டது. பக்கத்து வயலில் நின்ற வாக்கில் இறங்கினார்.

மற்றதைச் செய்தவர்கள் நண்பர்கள். வானத்திலேயே ஒருவர் கழன்ற மெயின் போகிற திசையைப் பார்த்துக்கொண்டார், இன்னொருவர் ரிசர்வின் பை எங்கே விழுகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்தார். மெயின் ஒரு பாதாம் தோப்பில் விழுந்திருந்தது. தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி, வரிசை வரிசையாக நடந்து தேடிக் கண்டுபிடித்தோம். கிளையில் சிக்கிய கயிற்றை இழுத்தால் துணி கிழியும், பச்சைக் காய்களும் உதிரும். அதனால் ஏணி போட்டு ஒவ்வொரு கயிறாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு மீதி லோடுகளுக்கு, அதாவது விமானம் மேலே போகும் நடைகளுக்கு, டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள்கூட அதை விட்டுவிட்டுத் தோப்பில் நின்றார்கள். ரிசர்வை மடித்துத் தரும் வல்லுநரான ரிக்கருக்கு ஒரு பாட்டில் வாங்கித் தருவது இங்கே மரபு. அக்கா பாட்டிலோடு வீட்டில் கிளறிய மைசூர்பாகும் ஒரு டப்பா கொடுத்தார்.

ஜூலையில் நடந்ததை எழுதச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் சம்பந்தப்பட்டவரே எழுதச் சொன்னார். மதுரைத் தம்பிக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. 40 டிகிரியைத் தாண்டிய வெயில். அந்தச் சூட்டில் காற்று லேசாகிவிடும், அதே பாராசூட் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். பிற்பகலில் கடல் பக்கமிருந்து வருகிற டெல்டா காற்று அன்று சீக்கிரமே வந்து திசையை மாற்றியது. தரைக்கு மிக அருகில் வந்த பிறகுதான் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை எதிர்த் திசையில் பறப்பதைத் தம்பி பார்த்தார். காற்றை எதிர்கொள்ள வேண்டும் என்று அவசரமாகத் திருப்பினார். திரும்பும் பாராசூட் முன்னால் போவதைவிடக் கீழே போவதுதான் அதிகம். காற்று முதுகில் அடித்தாலும் பரவாயில்லை என்று நேராக வந்து, இறக்கையைச் சமமாக வைத்து, இரு கைப்பிடிகளையும் இழுத்து வேகத்தைக் குறைக்கும் ஃப்ளேரை முழுசாகச் செய்து, கால் இரண்டையும் சேர்த்து உருண்டிருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். தாழ்வாகத் திரும்பாதீர்கள் என்று நான் இங்கே எத்தனை தடவை எழுதினாலும் அது அதிகமில்லை. வேகம் கூடிய சின்னப் பாராசூட்டுக்கு மாறவேண்டும் என்று துடிக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

அறுவை சிகிச்சை ஆனது, பிளேட்டும் திருகும் வைத்தார்கள். தம்பி தனியாக, மாடி வீட்டில் இருப்பவர். முதல் வாரமே அவருடைய மெத்தை, கம்ப்யூட்டர் எல்லாம் நம் பொருளாளர் வீட்டுக் கீழ் அறைக்கு வந்துவிட்டன. யார் எந்த நாள் சாப்பாடு, யார் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுவது என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் போடுவதற்குள் நாள்கள் தீர்ந்துபோயின. முறை கிடைக்காதவர்கள் கோபித்துக்கொண்டார்கள். இன்ஷூரன்ஸ் காகிதங்களை ஒருவர் தனியாகப் பொறுப்பெடுத்தார். மதுரையில் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் தம்பிக்கு வலியைவிடப் பெரிய கவலை. மூன்று வாரம் முகத்தை மட்டும் காட்டி வீடியோ காலில் பேசினார். கடைசியில் பொருளாளரின் மனைவிதான் “அத்தை, நான் பார்த்துக்கறேன்” என்று போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அழுதுவிட்டு, கேட்ட முதல் கேள்வி, “வேளாவேளைக்குச் சாப்பிடறானா?” இப்போது தினமும் அவர் கூப்பிடுவது பொருளாளர் வீட்டை.

நம் வீட்டாரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு ஜம்ப் டிக்கெட் சுமார் 30 டாலர். அதற்கு மேல் பாராசூட் மடித்துத் தரும் பேக்கர் கூலி, பெட்ரோல், 180 நாளுக்கு ஒருமுறை ரிசர்வ் மறுமடிப்பு. எல்லாம் குடும்பப் பணம். அதைவிடப் பெரிது குடும்ப நேரம். பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியும் வார இறுதியில்தான். இந்த ஆண்டு வகுப்புக்கு ஏற்றி இறக்குவதை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டோம். காற்று அடங்கக் காத்திருக்கும் மதியங்களில் பாய் விரித்து, புளியோதரைப் பொட்டலம் பிரித்து, கேரம் ஆடி, நம்மைவிட அதிக நேரம் டிராப்ஸோனில் இருந்தவர்கள் அவர்கள். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை சூழ்ந்து விமானம் ஏறாத நாளில்கூட வந்தார்கள். பேக்கிங் கூடத்தில் பெரிய பிள்ளைகள் பாராசூட் மடிக்கக் கற்றுக்கொண்டு, சில அப்பாக்களைவிட நேர்த்தியாக மடிக்கிறார்கள்.

நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாள் விடுமுறையில் அரிசோனாவின் இலாய்க்குப் போய்வந்தோம். பாலைவன வானம், பெரிய ட்வின் ஆட்டர் விமானங்கள், நாள் முழுக்க நிற்காத லோடுகள். நம் பெண் உறுப்பினர்கள் மட்டும் சேர்ந்து முதல் முறையாக ஒரு நான்கு பேர் வட்டம் கட்டினார்கள், அந்த நால்வரில் மே மாதம் மெயினைக் கழற்றிவிட்ட அக்காவும் ஒருவர். படம் சங்க ஆல்பத்தில் இருக்கிறது, எல்லோரும் பார்க்கவும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தம்பிக்காகத் திரட்டிய தொகை சங்கக் கணக்கில் கலக்காமல் தனியாகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி, செயற்குழு சபை முன் வைக்கும் தீர்மானம். நம் விதிப்படி, ஓர் ஆண்டு முழுக்கக் குதிக்காதவர் வாக்குரிமை இழந்து ‘ஆதரவாளர்’ பட்டியலுக்குப் போகவேண்டும். தொடங்கிய காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். இப்போது அந்தப் பட்டியலுக்குப் போகவிருப்பவர்களைப் பாருங்கள். காலைச் சரிசெய்துகொண்டிருக்கும் தம்பி, அவர் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஏறமாட்டார். கைக்குழந்தையோடு இருக்கிற இருவர். வேலை போய், விசா கவலையில் ரிக்கை, அதாவது தன் பாராசூட் பையையே, விற்றுவிட்ட நண்பர். இனிக் குதிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நம் வீடியோவை எடுத்துத் தருகிற நெல்லை அண்ணன். பாதாம் தோப்பில் ஏணி பிடித்தவர் அவர்தான். விமானத்தில் ஏறும் முன் என் முதுகுப் பையின் மடிப்பைத் தூக்கி, பையைப் பூட்டியிருக்கும் ஊசி நேராக இருக்கிறதா, நாம் இழுக்காவிட்டாலும் ரிசர்வைத் திறக்கும் தானியங்கிக் கருவி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துத் தோளில் தட்டி அனுப்புகிறவருக்கு இந்தச் சங்கத்தில் வாக்கு இல்லை என்றால், சங்கம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? அந்த விதியை நீக்கி, சந்தா கட்டிய எல்லோரும் முழு உறுப்பினர் என்று திருத்தக் கோருகிறோம். தலைவர் முன்மொழிகிறார், நான் வழிமொழிகிறேன்.

இரண்டு அறிவிப்புகள். ரிசர்வ் மறுமடிப்புத் தேதி ஜனவரியில் முடிகிறவர்கள் தங்கள் ரிக்கை இன்றே பொருளாளரின் வண்டியில் ஏற்றிவிடவும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் ரிக்கரிடம் கொண்டுபோகிறோம். அடுத்த சேஃப்டி டேக்கு மதியச் சாப்பாட்டுப் பொறுப்பு இன்னும் யாரும் ஏற்கவில்லை, கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

நன்றியுடன்,
செயலாளர்