வேதாளரை அடுத்துப் படமாக்கப் போகிறவர்களுக்கு

வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஃபேண்டம்’ என்று வரும் காமிக்ஸ் நாயகன் வேதாளரின் கதைகளுக்கு உரிமை வைத்திருப்பவர்களுக்கும், அதை வாங்கி மறுபடி ஒரு படம் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு ஊர் தேவிபட்டினம். தொண்டியிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் எங்கள் வயதுக்காரர்களில் இந்தக் கதைகளைப் படிக்காதவர்களைப் பார்ப்பது கஷ்டம். முத்து காமிக்ஸில் படித்தவர்களுக்கு அவர் வேதாளர், ராணி காமிக்ஸில் படித்தவர்களுக்கு மாயாவி. ஆள் ஒருவர்தான், அதே முகமூடி, அதே மண்டையோட்டு மோதிரம். ஹாலிவுட்டில் 1996-ல் அவரைப் படமாக எடுத்தார்கள். அது சிடியாக எங்கள் கைக்கு வந்து சேர அப்புறம் ரொம்ப நாள் ஆனது, அவ்வளவு நாளும் காத்திருந்து பார்த்தவர்கள் படம் முடிந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எழுந்து போனோம். அந்த ஏமாற்றம் இன்னும் தீரவில்லை. அடுத்து எடுப்பவர்களும் அதே இடத்தில் சறுக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேதாளராக வந்த பில்லி ஸேன் அந்த உடுப்புக்குப் பொருத்தமாக இருந்தார், உண்மையான ஆசையோடு நடித்திருந்தார். ஆரம்பத்தில், கயிற்றுப் பாலத்தில் லாரிக்குள் மாட்டிக்கொண்ட சிறுவனைக் காப்பாற்றும் காட்சியும், பறக்கிற விமானத்திலிருந்து காதலி டயானாவோடு ஓடுகிற குதிரையின் முதுகில் இறங்கும் காட்சியும் அப்படியே காமிக்ஸ் பக்கத்திலிருந்து எழுந்து வந்தவை. அதில் நான் குறையே சொல்ல மாட்டேன்.

கதைதான் கெட்டுப்போனது. தங்கத்தில் ஒன்று, வெள்ளியில் ஒன்று, பச்சைக் கல்லில் ஒன்று என்று மூன்று மந்திர மண்டையோடுகள், மூன்றும் ஒன்று சேர்ந்தால் சேர்த்தவன் கைக்கு யாராலும் தடுக்க முடியாத சக்தி வந்துவிடுமாம். கடைசியில் பார்த்தால் வேதாளரின் மோதிரம்தான் நான்காவது மண்டையோடு, அந்த மூன்றையும் அடக்குவது அதுதான் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது இங்கேதான். அந்த மோதிரத்தில் மந்திரம் எதுவும் கிடையாது என்பது இந்தக் கரையில் படித்த ஒவ்வொரு பொடியனுக்கும் தெரியும். ஓங்கி ஒரு குத்து விட்டால் கெட்டவன் தாடையில் மண்டையோடு பதியும், அழியாது, அவ்வளவுதான். இடது கையில் இருக்கும் இன்னொரு முத்திரை நல்லவர்களுக்கு, அது இருக்கும் இடத்தில் யாரும் வாலாட்ட மாட்டார்கள். நாங்கள் அந்த முத்திரையைச் செய்வதற்குக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ரப்பர் செருப்பை எடுத்துவந்து, குதிகால் பக்கத்தைத் துண்டாக அறுத்து, பிளேடால் கண்ணும் மூக்கும் பல்லும் செதுக்கி, பேனா மையைத் தொட்டுக் கணக்கு நோட்டு முழுக்கக் குத்தி வைப்போம். வாத்தியாரிடம் அடியும் வாங்குவோம்.

லீ ஃபால்க் 1936-ல் செய்தித்தாள் தொடராக ஆரம்பித்த கதை இது, 1999-ல் இறக்கும்வரை அவரே எழுதினார். பறக்கத் தெரியாத, சுட்டால் சாகக்கூடிய, சாதாரண மனுஷனைத்தான் அவர் படைத்தார். 1536-ல் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள், அப்பா கொல்லப்படுகிறார், மகன் மட்டும் உயிரோடு கரை ஒதுங்குகிறான். பிறகு அப்பாவைக் கொன்றவனின் மண்டையோட்டைத் தொட்டு, கொள்ளைக்கும் பேராசைக்கும் கொடுமைக்கும் எதிராக நானும் என் வம்சமும் நிற்போம் என்று சத்தியம் செய்கிறான். அவனுக்குப் பிறகு அவன் மகன், அப்புறம் அவன் மகன் என்று 21-வது வேதாளர்வரை வருகிறது. உடுப்பு ஒன்றே என்பதால் காட்டுக்காரர்கள் இவருக்குச் சாவே இல்லை என்று நம்புகிறார்கள். சாகிறார்கள் என்பது படிக்கிற நமக்குத் தெரியும், குகைக்குள் வரிசையாக முன்னோர் கல்லறைகள் இருக்கின்றன.

கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்களையும், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் எங்கள் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது, ரயிலோடு போனார்கள். அப்பனைக் கொண்டுபோன கடலுக்கே மகனும் வலை எடுத்துக்கொண்டு இறங்குகிறான், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அந்த வீட்டுப் பையன்கள் வேதாளர் கதையின் முதல் பக்கத்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த 1996 படத்தில் கப்பலும் கரையும் முன்னுரைபோலச் சில நிமிடங்களில் ஓடிவிடுகின்றன, அதிலும் அந்தப் பையனுக்கு மோதிரத்தைப் பழங்குடியினர் எடுத்துக் கொடுக்கிறார்கள். சத்தியம் பெரிதா, மோதிரம் பெரிதா?

இன்னொன்று, இறந்த அப்பா வந்து வந்து பேசுகிறாரே, அது எதற்கு? காமிக்ஸில் ஒவ்வொரு வேதாளரும் தான் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார், சிக்கல் வந்தால் இவர் போய் அந்தப் பழைய ஏடுகளைப் புரட்டுவார். செத்துப்போனவரின் கையெழுத்தைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற மகனைக் காட்ட ஆவி தேவையில்லை. குரன் சின்ன வயசிலிருந்து கூடவே வளர்ந்த நண்பன், விஷ அம்போடு காட்டைக் காக்கும் பந்தர் குள்ளர்களின் தலைவன். அவனைக் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் ஆளாகச் சுருக்கிவிட்டு, கதையை நியூயார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நகரத்துக்கு வேதாளர் போகவே கூடாது என்று சொல்லவில்லை, காமிக்ஸிலும் கோட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போவார். ஆனால் அவருடைய ஓநாய் டெவிலையும் குதிரை ஹீரோவையும் மண்டையோட்டுக் குகையையும் பார்க்கத்தானே நாங்கள் உட்கார்ந்தோம்.

என்னிடம் மிச்சம் இருக்கும் இதழ்கள் நல்ல நிலையில் இல்லை. உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிடும், துருக்கறை மட்டும் காகிதத்தில் நிற்கும். அதையும் நூல் கோத்துத் தைத்து வைத்திருக்கிறோம், என்னைப் போலப் பலர். அந்த மரியாதையில் பாதியாவது எழுதப்போகும் திரைக்கதையில் இருக்கட்டும். மந்திரம் வேண்டாம், உலகத்தை அழிக்கும் ஆயுதமும் வேண்டாம். கரையில் ஆரம்பியுங்கள், சத்தியத்தை முழுசாகச் சொல்ல விடுங்கள், குரனுக்கு உரிய இடம் கொடுங்கள். அப்புறம் நல்ல குரல்களை வைத்துத் தமிழில் பேசவைத்து ராமநாதபுரத்துத் தியேட்டருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். முதல் காட்சிக்கே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.