நீங்கள் கேட்ட சாட்சியத்தை நாங்களும் வாசிக்க வேண்டும்

நாடாளுமன்ற நிதித்துறை நிலைக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கி மீது 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, அங்கே பணம் போட்டிருந்தவர்களால் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பிறகே 25,000 ரூபாய் வரை எடுக்க அனுமதி வந்தது. 122 கோடி ரூபாய் கையாடப்பட்டதாக வழக்கு பதிவானது உட்பட, இதன் பின்னணி முழுவதும் தாங்கள் அறிந்ததே.

என் மனத்தை விட்டு அகலாதது அதற்கு முந்தைய அறிவிப்பு. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்ட அன்று, ஆறு மாதங்களுக்கு 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்றார்கள். நாளொன்றுக்கு ஆறு ரூபாய்கூடத் தேறாது. வரம்பு பின்னர் படிப்படியாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த வங்கி கொடுத்த கடனில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் ஒரே கட்டுமானக் குழுமத்திடம் சிக்கியிருந்ததை, வைப்புத்தொகையைப் புதுப்பிக்கக் கையெழுத்திட்ட ஓர் ஓய்வூதியர் எந்த வழியில் அறிந்திருக்க முடியும்? அன்றைக்கு வைப்புக் காப்பீடு, அதாவது வங்கி முறிந்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை, அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய்தான். அது 5 லட்சமாக உயர்ந்தது 2020 பிப்ரவரியில்.

ஆகவே கேட்கிறேன்: கூட்டுறவு வங்கிகளின் கண்காணிப்பு குறித்து ரிசர்வ் வங்கி அதிகாரிகள் தங்கள் முன் அளிக்கும் சாட்சியத்தை அவையில் வையுங்கள்; அங்கே வைத்தால்தான் அதை எங்களால் வாசிக்க முடியும். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சாட்சியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அவையில் வைக்கப் பணிக்கும் அதிகாரத்தை மக்களவை நடைமுறை விதிகளில் 275ஆம் விதி குழுவுக்கே தந்திருக்கிறது. வங்கி ஆய்வறிக்கைகளை, நம்பிக்கை உறவை (வங்கிகள் நம்பிக் கொடுத்த தகவலைக் காக்கும் கடமையை) காரணம் காட்டி ரிசர்வ் வங்கி மறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. நீதிமன்றம் திறக்கச் சொன்ன கதவை நாடாளுமன்றக் குழு மூடியே வைத்திருப்பது எப்படிப் பொருந்தும்?

1992 ஏப்ரலில் பத்திரிகையாளர் சுசேதா தலால் எழுதிய செய்திதான் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச்சந்தை மோசடியை வெளிக்கொணர்ந்தது. கூட்டு நாடாளுமன்றக் குழு அமைந்தது அதற்குப் பின், ஆகஸ்டில். அத்தகைய செய்தியாளர்களுக்கு நாடாளுமன்ற வளாகத்தில் 2020 முதல் எத்தனை கட்டுப்பாடுகள்! பெருந்தொற்றைக் காரணமாகச் சொல்லி விதித்த தடைகள் தொற்று தணிந்த பிறகும் ஏன் நீடித்தன என்பதற்கு எவரும் நேரான பதில் தரவில்லை. கேள்வி கேட்பவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்வது நியாயமன்று.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. விசாரணைக்கோ ஒரு வங்கியின் நிலைப்புக்கோ உடனடி ஊறு விளைவிக்கும் பகுதிகளை நீக்கிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. எஞ்சிய சாட்சியத்தை, வரும் கூட்டத்தொடர் முடிவதற்குள், அவையில் வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வங்கிச் செய்திகளை எழுதிவரும் ஒரு பத்திரிகையாளர்